டப்பாப் பிள்ளையின் முகம்

கரட்டுப்பட்டியிலும் அதைச் சுற்றியுள்ள ஆறு ஊர்களிலும் அந்த வருசம் ஆடி பிறந்ததிலிருந்து ஐப்பசி அடைமழை வரைக்கும் பிறந்த பிள்ளைகள் இருபத்தொன்று. அதில் இருபது பிள்ளைகள், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் குடிக்கிற கருவமுது மாவு டப்பாவில் ஒட்டியிருந்த பிள்ளையின் முகத்தோடு பிறந்தன. மேலத்தெருவில் விழுந்ததும் அந்த முகம்தான், நடுத்தெருவில் விழுந்ததும் அந்த முகம்தான், ஓடைக்கு அந்தப் பக்கம் காலனியில் விழுந்ததும் அந்த முகம்தான். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பாலாடைக் கன்னம், ரோஸ் உதடு, வலது பக்கம் மட்டும் குழி விழுகிற சிரிப்பு, யாரோ சீவிவிட்டது போல நெற்றியில் ஒரு சுருள் முடி. மிச்சமிருந்த ஒரே ஒரு பிள்ளை தன் சொந்த முகத்தோடு பிறந்தது. அது முத்துப்பேச்சியின் பேத்தி. ஏழு ஊருக்கும் அந்த டப்பாவை விற்றவளே முத்துப்பேச்சிதான்.

முத்துப்பேச்சியிடம் பேரம் பேசி ஜெயித்த ஆள் ஆண்டிபட்டிச் சந்தையிலேயே கிடையாது. ஏலத்தோட்டத்து வேலைக்கென்று மலையேறிப் போன புருசன் அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு இறங்காமலே இருந்துவிட, கைப்பிள்ளை பாண்டீஸ்வரியை இடுப்பிலும் முட்டைக் கூடையைத் தலையிலும் ஏற்றிக்கொண்டு கரட்டுவெயிலில் நடந்தே வியாபாரம் படித்தவள் அவள். எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆளைப் படிப்பாள். "வெல சொல்றவன் வாயப் பாக்காத, காலப் பாரு. காலு கெளம்புறதுக்குத் திரும்பியிருந்தா இன்னும் எறங்குவான்" என்பாள். பேரத்தில் முதலில் சிரிப்பாள், அடுத்து வைவாள், அதற்கும் மசியாவிட்டால் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துவிடுவாள். கூடை தலைக்கு ஏறுவதற்குள் எதிராளி இறங்கியிருப்பான். அப்படி முட்டையில் ஆரம்பித்து, வளையலுக்கு வந்து, வளையல் போடப் போகிற வீடெல்லாம் வயிற்றுப்பிள்ளைக்காரிகள் வீடாக இருக்கக் கண்டு, கடைசியில் மதுரைக் கம்பெனி ஒன்றின் கருவமுது மாவுக்கு ஏழு ஊருக்கு ஏஜெண்டாகி, ஒரு மொபெட்டும் வாங்கிவிட்டாள்.

ஏஜென்சி எடுக்கப் போன அன்றைக்கே அவள் கம்பெனி மேனேஜர் ராஜ்மோகனிடம் கேட்டாள்: "உள்ள என்ன கெடக்குன்னு காட்டு தம்பி. பெறகு வெலையப் பேசுவோம்."

டாக்டர்கள்கூடக் கேட்காத கேள்வியை இவள் கேட்கிறாளே என்று அவன் குடோனுக்குக் கூட்டிப்போய்க் காட்டினான். ஒரே ஒரு பெரிய டிரம். அதில் மைதா, சீனி, மஞ்சள் நிறத்துக்கு ஒரு தூள், பால் வாசனைக்கு ஒரு மூடி எசன்ஸ். அந்த ஒரே டிரம்மிலிருந்துதான் தங்க நிறத் தகர டப்பாவுக்கும் போனது, பிளாஸ்டிக் பாக்கெட்டுக்கும் போனது. டப்பா மதுரையில் கண்ணாடிக் கதவு போட்ட கடைகளில் மருந்துச்சீட்டைப் பார்த்துத்தான் கீழே இறங்கும். பாக்கெட் கிராமத்துப் பெட்டிக்கடையில் ஷாம்பு சரத்துக்குப் பக்கத்தில் சரமாகத் தொங்கும். இரண்டிலும் சிரித்தது ஒரே பிள்ளை.

"அட சண்டாளா, இதுல வகுத்துப் பிள்ளைக்கு என்னடா இருக்கு?"

"கெடுதல் ஒண்ணும் இல்லக்கா."

"நல்லது?"

"படம் இருக்குல்ல."

முத்துப்பேச்சி குடோனே அதிரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, வெறும் மைதாவுக்கு இம்புட்டு விலையா என்று ஆரம்பித்து, அவன் சொன்ன விலையில் பாதிக்கு முடித்துக்கொண்டு வந்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. பார்த்ததற்குத்தான் தள்ளுபடி வாங்கியாயிற்றே.

அவள் தொழில் செய்த விதம் இது. செவ்வாய்க்கிழமை தோறும் ஜெசிந்தா நர்சம்மா பால்வாடிக்கு வந்து, வயிற்றுப்பிள்ளைக்காரிகளை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து, "ஒனக்கு ரத்தம் இல்ல, ஒனக்கு எடை ஏறல" என்று திட்டி, ஆளுக்கு ஒரு அட்டை சத்து மாத்திரையைச் சும்மா கொடுத்துவிட்டுப் போவார். நர்சம்மாவின் ஸ்கூட்டர் ஊர் எல்லை தாண்டுகிற நேரத்துக்கு முத்துப்பேச்சியின் மொபெட் ஊருக்குள் நுழையும். பயம் காட்டுகிற வேலையை அரசாங்கமே செய்து முடித்திருக்கும். இவள் ஆறுதலை விற்றால் போதும்.

"நர்சம்மா குடுத்த மாத்திரையத் திங்கிறியாத்தா?"

"திங்கிறேன்க்கா. கொமட்டுது."

"கொமட்டுறது கெடக்கட்டும். வெளிக்கு எப்பிடிப் போகுது?"

"கறுப்பாப் போகுதுக்கா."

"ஆங். போறதே கறுப்பாப் போகுது, உள்ள கெடக்க பிள்ள மட்டும் செவப்பாவா வரும்?"

இந்த ஒரு கேள்வியை அவள் ஏழு ஊரிலும் விதைத்தாள். மறுவாரத்திலிருந்து மாத்திரை அட்டைகள் அட்டையாகவே குப்பைமேட்டுக்குப் போயின. வசதியுள்ளவர்கள் டப்பா வாங்கினார்கள், கூலிக்குப் போகிறவர்கள் பாக்கெட் வாங்கினார்கள். முட்டைக்குப் போகிற காசு மாவுக்குப் போனது. வளைகாப்புத் தட்டில் சந்தனம், குங்குமம், அஞ்சு வகைச் சோறு, அதற்கு நடுவில் கருவமுது டப்பா என்று ஒரு முறையையே அவள் புதிதாக உண்டாக்கிவிட்டாள். மூன்றே வருசத்தில் அது ஆதியிலிருந்து இருந்து வருகிற முறையாகிவிட்டது. டப்பா வைக்காத தாய்மாமனை "வெறுந்தட்டு மாமன்" என்று சொன்னார்கள்.

பாண்டீஸ்வரியைப் பக்கத்து வேலங்குளத்தில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை அழகர் செங்கல் லாரி ஓட்டுகிறவன், வாய் திறக்காதவன். அவனுக்கும் சேர்த்து அவன் தாய் தவமணி பேசுவாள். ஏழாம் மாசம் தவமணி வீட்டில் வளைகாப்பு. தட்டில் ஒன்றுக்கு மூன்று டப்பா அடுக்கியிருந்தது. "பாத்தியா மதினி, ஒன் சரக்க ஒனக்கே வெலைக்கு வாங்கி வச்சிருக்கேன்" என்று தவமணி சபைக்குக் கேட்கும்படி சொன்னாள். முத்துப்பேச்சி சிரித்துக்கொண்டே மூன்று டப்பாவையும் மகளையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

வந்த அன்றைக்கே டப்பா மாவை மாட்டுத்தொட்டியில் கொட்டினாள். கேழ்வரகை முளைகட்டி வறுத்து, நிலக்கடலையும் பொட்டுக்கடலையும் சேர்த்து இடித்து, கருப்பட்டி தட்டிப் போட்டு, சலித்து, அதே டப்பாக்களில் நிரப்பினாள். முருங்கைக்கீரை ஒரு நாள், ஆட்டு ஈரல் ஒரு நாள், முட்டை எல்லா நாளும். மாத்திரைக்குத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டாள். நர்சம்மாவிடம் போய் வாங்கினால் ஊர் பார்க்கும். அதனால் ஊர்ப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டு வீசியெறிந்த அட்டைகளை, ஆள் நடமாட்டமில்லாத மத்தியான வெயிலில், குப்பைமேட்டிலிருந்து அவளே குனிந்து குனிந்து பொறுக்கிவந்து, துடைத்து, கம்பெனி மாத்திரை என்று சொல்லி மகளுக்குக் கொடுத்தாள்.

"என்னம்மா, மாவு வேற ருசியா இருக்கு?"

"புதுச் சரக்குடி. மூக்கப் பிடிச்சுட்டுக் குடி."

ஆடி மாசம் முதல் முகம் வந்தது. அது காலனியில் செவந்திக்கு வந்தது. கரும்பு வெட்டப் போகிற பெண், தினம் ஒரு பாக்கெட்டாக வாங்கிக் குடித்தவள். பிள்ளையைக் கையில் வாங்கிய ஜெசிந்தா நர்சம்மா முகத்தைப் பார்த்தார், சுவரில் ஒட்டியிருந்த விளம்பரத்தைப் பார்த்தார், தராசில் போட்டார். ரெண்டு கிலோ நூறு. மூன்றாம் நாள் மேலத்தெருவில் ஒன்று, அதே முகம். அந்த வாரமே நடுத்தெருவில் இரண்டு. யாரும் அதிசயப்படவில்லை. காசு கொடுத்து வாங்கினோம், படத்தில் இருந்தது வந்துவிட்டது, இதிலென்ன அதிசயம் என்றார்கள். முதல் முகம் மேலத்தெருவில் இறங்காமல் காலனியில் இறங்கிவிட்டதே என்பது ஒன்றுதான் பெரியவர்களுக்குக் குறை.

ஊர் அந்த முகத்தோடு வாழப் பழகிய வேகம்தான் வேகம். ஆண்டிபட்டி ஸ்டூடியோக்காரர் ஒரு பிள்ளையைப் படம் எடுத்துப் பிரதி போட்டு எல்லா வீட்டுக்கும் விற்றார். அப்பனைப் போல இருக்கிறதா ஆத்தாளைப் போல இருக்கிறதா என்று எந்த வீட்டிலும் சண்டை வரவில்லை. கல்யாணமாகி எட்டு வருசமாகக் கறுப்பென்று பேச்சு வாங்கியவர்கள் நிமிர்ந்து நடந்தார்கள். கழுத்துக்கு மேலே மதுரைப் பிள்ளை, கழுத்துக்குக் கீழே கரட்டுப்பட்டிப் பிள்ளை: அகத்திக்குச்சி போலக் கை, எண்ணிவிடுகிற மாதிரி விலா. ஜெசிந்தா நர்சம்மா எடை நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கத்தினார். "தாய்மாரே, முகத்துக்கு எடை இல்ல. இந்த முகத்தத் தாங்கக் கழுத்துல பெலமில்ல, பாருங்க, தல தொங்குது!" அதற்கு அவர்கள் சொன்னார்கள்: "சட்டையப் போட்டா ஒடம்பு தெரியவா போகுது நர்சம்மா? மொகத்துக்குச் சட்டை போட முடியுமா?"

பாண்டீஸ்வரிக்கு அப்போது ஒன்பதாம் மாசம். ஏழு ஊரும் கொண்டாடுகிற முகம் தன் மகளுக்கு மட்டும் வராமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கத் தெரியாதவளா முத்துப்பேச்சி? ஒரு மத்தியானம் ஒரு பாக்கெட்டைக் கிழித்துத் தம்ளரில் போட்டு, பாலை ஊற்றி, ஆற்றி, தூங்கிக்கொண்டிருந்த மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுப்பக் கையை நீட்டினாள். மகளின் வயிற்றுக்குள்ளிருந்து பிள்ளை ஒரு உதை உதைத்தது. சேலைக்கு மேலே மேடு தெரிந்து அடங்கியது. அந்த உதையில் இருந்த பலம் அதுவரை பிறந்த டப்பா முகப் பிள்ளைகளின் காலில் ஒன்றிலும் இல்லை என்று அவளுக்குத் தெரியும், எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தவள். தம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியில் ஊற்றினாள். அவள் வாழ்க்கையில் பேரம் பேசாமல் செய்த ஒரே காரியம் அதுதான்.

புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு. அந்த வருச நோட்டில் அந்த எடைக்கு வேறு பிள்ளை இல்லை; ஜெசிந்தா நர்சம்மா சந்தோசத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். அப்பன் அழகரின் அகல மூக்கு, விரிந்த காது, முத்துப்பேச்சியின் நிறம், அவள் பேரத்தில் சுழிக்கிற அதே புருவச் சுழிப்பு. தவமணி கூடை நிறையப் பழத்தோடு வந்தாள். துணியை விலக்கிப் பார்த்தாள். பழக்கூடையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"என்னா மதினி இது?"

"என்னாவா? பேத்தி. ஒம் மகன் மூக்கு அச்சுல வார்த்தாப்புல இருக்கு, பாரு."

"எங்க மூக்குன்னு சொல்லாத. எங்க மூக்கு எங்களுக்கே பிடிக்காது. மூணு டப்பா வச்சேனே, எங்க போச்சு? ஊருக்கெல்லாம் ஊத்துனவ பெத்த மகளுக்கு ஊத்தாம வித்துத் தின்னுட்டியா? இல்ல, டப்பாவையும் மீறி இந்த மூஞ்சி வந்துச்சுன்னா, இது என்ன பீடை பிடிச்ச பிள்ளை?"

முத்துப்பேச்சிக்கு நாக்கு நுனிவரை வந்தது. டப்பாவில் ஒன்றுமில்லையடி, வெறும் மைதாடி. ஆனால் வாசலில் பாதித் தெரு நின்றது. அவளிடம் வாங்கியவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். வாயை மூடிக்கொண்டாள். இருபது வருசத்தில் முதல் தடவையாக எதிராளி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள், இவள் கூப்பிடாமல் நின்றாள்.

தொட்டில் போட அத்தைமார் வரவில்லை. அப்பன் வீட்டார் வந்து பேர் வைக்காத பிள்ளைக்குப் பேர் கிடையாது என்பதால் அவள் குட்டியாகவே இருந்தாள். அழகர் மட்டும் லாரி அந்தப் பக்கம் வருகிறபோது நிறுத்தி, இறங்காமல், ஹாரனை ஒரு தரம் அடித்துவிட்டுப் போவான். பாண்டீஸ்வரி பிள்ளையை வாசலில் தூக்கிக் காட்டுவாள்.

"எப்பம்மா கூட்டிட்டுப் போவாக?" என்று மகள் கேட்டாள்.

"போவாகடி. எல்லாத்துக்கும் ஒரு வெல இருக்கு. அது என்னன்னு தெரியட்டும், முடிச்சுருவேன்."

இதற்கிடையில் ஊருக்கு வேறொரு தலைவலி. ஒரு எடைபோடுகிற நாளில், பால்வாடியில் பிள்ளைகளைப் பாயில் வரிசையாகக் கிடத்தியிருந்தபோது, மேலத்தெருக்காரி ஒருத்தி அழுத பிள்ளையைத் தன் பிள்ளையென்று தூக்கி மடியில் போட்டுப் பாலும் கொடுத்துவிட்டாள். செவந்தி ஓடிவந்து, "அது எம்பிள்ளைங்க" என்றாள். பிள்ளை இரண்டு மாரையும் குடித்து முடித்திருந்தது. அன்றைக்கு ஊர்ச் சாவடியில் கூடினார்கள். சாமி கொடுத்த முகத்தைக் குறை சொல்லக்கூடாது, ஆனால் எது யாருடையது என்று தெரியாமல் இருக்கவும் கூடாது என்று பேசி, மேலத்தெருப் பிள்ளைகளுக்குச் சிவப்பு அரைஞாண், நடுத்தெருவுக்கு மஞ்சள், காலனிக்குப் பச்சை என்று முடிவெடுத்தார்கள். ஆண்டவன் அத்தனை நாள் மினக்கெட்டு ஒன்றாக்கி அனுப்பியதை ஆறு முழம் நூலில் ஒரே சாயங்காலத்தில் பிரித்துவிட்டார்கள். நர்சம்மா எடை பார்க்கும்போது கயிற்றை அவிழ்த்தார். மறுவாரம் எல்லாக் கயிறும் அவிழ்க்க முடியாத முடிச்சாகப் போட்டு வந்தது.

மதுரையிலும் அந்த முகம்தான் பிறந்துகொண்டிருந்தது. அங்கே யாருக்கும் நூல் தேவைப்படவில்லை, வேறு வேறு மாடியில் இருந்தார்கள். ஒருநாள் அடுக்குமாடி வீடொன்றில் பாத்திரம் தேய்க்க வந்த பெண் துணைக்கு ஆளில்லாமல் தன் பிள்ளையையும் தூக்கிவந்து, வீட்டுக்காரம்மாவின் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். வீட்டுக்காரம்மா வந்து பார்த்தபோது இரண்டு பிள்ளைகளும் ஒரே கன்னக்குழியோடு சிரித்தன. அவ்வளவுதான். நாங்கள் கொடுத்த விலை என்ன, அவர்கள் கொடுத்த விலை என்ன என்று கம்பெனிக்குப் புகார் மேல் புகார் போனது. கம்பெனி நியாயம் தெரிந்த கம்பெனி. பூனைக்கண்ணும் செம்பட்டை முடியுமாக வேறொரு பிள்ளையைப் பிடித்துப் புது டப்பாவில் போட்டு நகரத்துக்கு அனுப்பியது. பழைய முகத்தைக் கிராமத்துக்கே தள்ளியது.

ஆறே மாசத்தில் அந்த முகத்தின் மதிப்பு விழுந்தது. பஸ்ஸில் கண்டக்டர், "பாக்கெட் மூஞ்சியத் தூக்கிட்டுப் பின்னால போம்மா" என்றார். ஆண்டிபட்டி ஜவுளிக்கடையில், "இந்தப் பிள்ளைக்கு வெல கொறஞ்சதாக் காட்டு" என்று முகத்தைப் பார்த்தே சொன்னார்கள். ஏழு ஊர்த் தாய்மார்களும் பிள்ளையின் முகத்தை முந்தானையால் மூடித் தூக்கிப்போக ஆரம்பித்தார்கள். பாக்கெட் சரங்கள் கடைகளில் தூசி படிந்து தொங்கின.

அப்போதுதான் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து முத்துப்பேச்சியின் வீட்டுக்கு வந்தார்கள். குட்டி வாசலில் எழுந்து நின்று, பிடி இல்லாமல் நாலு எட்டு நடந்து, விழுந்து, யாரும் தூக்குவதற்கு முன்னால் தானே எழுந்தாள். அவளைவிட மூத்த பிள்ளைகள் இடுப்பை விட்டு இறங்காமல் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

செவந்திதான் கேட்டாள். அவளுக்கு அடுத்தது உண்டாகியிருந்தது. "யக்கா, உண்மையச் சொல்லுங்க. பாண்டிக்கு நீங்க எந்த டப்பா குடுத்தீக? இருக்கதுலயே ஒசந்த டப்பாத்தான? எங்களுக்கும் அத வரவச்சுக் குடுங்க. கடன ஒடன வாங்கியாவது குடுத்துர்றோம்."

ஒரு வருசமாக அடக்கிவைத்த கோபம் முத்துப்பேச்சிக்கு அப்போது வெடித்தது. "டப்பாவாவது மயிராவது! டப்பாவுல ஒரு எழவும் இல்லடி. மைதாவும் சீனியும்டி. எங்கண்ணால பாத்தேன். எம் மகளுக்கு நான் ஊத்துனது கேவுரும் கடலையும். திங்கக் குடுத்தது முருங்கைக்கீரையும் முட்டையும். நீங்க குப்பையில எறிஞ்சீகளே நர்சம்மா மாத்திரை, அதத்தான் பொறுக்கிக் குடுத்தேன். போய்ச் சும்மா வாங்கித் தின்னுங்கடி, போங்க!"

அடிக்க வருவார்கள் என்று அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நின்றாள். அவர்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

"சும்மா கெடைக்கிறதுலயா இப்பிடிப் பிள்ள வரும்?" என்றாள் மேலத்தெருக்காரி. "குடுக்க மனசில்லேன்னா இல்லேன்னு சொல்லு. அதுக்குக் குப்பைமேட்டக் கைகாட்டுவியா? ஒம் மக திங்கிறது ஒசத்தி, நாங்க திங்கணும் குப்பை."

திட்டிக்கொண்டே போய்விட்டார்கள். அவள் ஆயுசிலேயே அன்று ஒருநாள்தான் நல்ல சரக்கை விலையில்லாமல் எடுத்து வைத்தாள், வாங்க ஆளில்லை.

மகள் பாண்டீஸ்வரி மட்டும் நம்பினாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டவள் வெளியே வந்து, "தெரிஞ்சேவாம்மா வித்த?" என்று மட்டும் கேட்டாள். முத்துப்பேச்சி, "அந்தக் காசுலதான்டி ஒனக்குக் கல்யாணம் முடிச்சேன்" என்றாள். பாண்டீஸ்வரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் ராஜ்மோகன் காரில் வந்து இறங்கினான். கிராமத்துப் பாக்கெட்டுக்குப் புது முகம் வேண்டும்; மண்ணுக்கேற்ற முகம், கறுப்பென்றாலும் களையான முகம், இது இயற்கை, இது நம்மூர் என்று நம்பவைக்கிற முகம். இருபது ஊர் சுற்றிவிட்டானாம். எல்லா ஊரிலும் அவன் கம்பெனி முகமே எதிரே வந்து நின்றதாம். குட்டி அவன் கார்ச் சாவியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு புருவத்தைச் சுழித்தாள். அவன் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"யக்கா, இந்த மூஞ்சியக் குடுங்க."

பாண்டீஸ்வரி பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டாள். "வேணாம்மா. இவ மூஞ்சி இவளுக்கு மட்டும் இருக்கட்டும். அந்த மாவக் குடிச்சுப் பெறக்குறதுக்கெல்லாம் இவ மூஞ்சியா? வேணவே வேணாம்."

"ஒன் மாமியா வீட்டு வாசப்படிய நீ மிதிக்கணுமா, வேணாமா?"

"இவளோடதான மிதிக்கணும்?"

"இவளுக்கு ஒரு பேரு வேணுமா, வேணாமாடி? பள்ளிக்கூடத்துல என்ன குட்டின்னா எழுதுவான்? இவ மூஞ்சி பீடைன்னு சொன்னவ வாயாலயே இது லச்சுமின்னு சொல்ல வைக்கிறேன், பாரு."

அன்றைக்கு முத்துப்பேச்சி பேசிய பேரம்போல அந்த வட்டாரத்தில் யாரும் பேசியதில்லை. சிரித்தாள், வைதாள், எழுந்து உள்ளே போனாள், அவன் கார்க் கதவைத் திறந்து மூடினான், திரும்ப வந்தாள். பணத்தை அவள் பெரிதாகக் கேட்கவில்லை. அதுதான் அவனுக்குப் புரியவில்லை. படத்துக்கான காசைத் தவமணி கையில், வேலங்குளம் நடுத்தெருவில், மேளத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். குட்டியின் படம் போட்ட பெரிய பலகை அந்த ஊர் பஸ் நிறுத்தத்தில் முதலில் நிற்கவேண்டும். இவ்வளவுதானா என்று அவன் சரியென்றான்.

பலகை நின்ற மூன்றாம் நாள் தவமணி தட்டும் தாம்பாளமுமாக வந்தாள். "எங்க வீட்டு மூக்கு மதினி, எங்க வீட்டு மூக்கு! கம்பெனிக்காரனே தேடி வந்து எடுத்திருக்கான்" என்று பிள்ளையைத் தெருவெல்லாம் காட்டினாள். அத்தைமார் தொட்டில் கட்டினார்கள். கருவமுதைக் கும்பிட்டு, அமுதா என்று பேர் வைத்தார்கள். அழகர் லாரியை விட்டு இறங்கி வந்து மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். பாண்டீஸ்வரி தாயின் முகத்தைப் பார்க்காமலே வண்டியேறினாள். பேரம் முடிந்தது, ஆயுசிலேயே நல்ல விலைக்கு முடித்தோம் என்றுதான் முத்துப்பேச்சி அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

தையிலிருந்து புது முகம் பிறக்க ஆரம்பித்தது. அகல மூக்கு, விரிந்த காது, சுழித்த புருவம். ஜனங்கள் இதற்கும் பழகிக்கொண்டார்கள். "பேச்சி மூஞ்சி" என்று பேரும் வைத்தார்கள். முத்துப்பேச்சி மொபெட்டில் போகும்போது ஊருக்கு ஊர் பேத்தி வாசலில் படுத்திருந்தாள், பேத்தி மரத்துத் தூளியில் ஆடினாள், பேத்தி காலனித் தெருமுனையில் அழுதாள். முதலில் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்க்கப் பார்க்க, கை பழக்கப்பட்டிருந்த எடை இல்லாமல் ஒவ்வொன்றும் காற்றாக வந்தபோது, அவள் தூக்குவதை நிறுத்தினாள். அப்புறம் பார்ப்பதையும் நிறுத்தினாள். பாக்கெட்டை வாசலில் வீசிவிட்டு வண்டியை நிறுத்தாமல் போய்விடுவாள்.

பங்குனியில் செவந்திக்கு இரண்டாவது பிறந்தது. பெண். ஒரு கிலோ அறுநூறு. ஒன்பதாம் நாள் காலையில் முத்துப்பேச்சி ஓடைப்பாலத்தில் போகும்போது காலனியிலிருந்து அழுகைச் சத்தம் வந்தது. எத்தனையோ வருசமாகப் பாலத்திலேயே வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, அவர்களை வரவழைத்து விற்றவள், அந்தத் தெருவுக்குள் ஒருநாளும் கால் வைக்காதவள், வண்டியை அப்படியே சாயவிட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

செவந்தியின் குடிசை வாசலில் சேலைத்துணியில் பிள்ளை கிடந்தது. கண் மூடியிருந்தது. மூக்கு, காது, புருவம், உதட்டோரம், ஒன்று விடாமல் அமுதாவின் முகம். முத்துப்பேச்சி யாரையும் கேட்காமல் உட்கார்ந்து, அந்தக் குளிர்ந்த உடம்பை வாரி மடியில் போட்டு, "எந்தாயி, அமுதா, கண்ணத் தொறடி, ஒன் அப்பத்தா மேளதாளத்தோட வந்து தூக்குனாளே, கண்ணத் தொறடி" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள். உள்ளங்காலைத் தேய்த்தாள். முந்தானையால் விசிறினாள். கண்ணில் ஒத்திக்கொண்டாள். காலனிப் பெண்கள் தங்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு, இவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஜெசிந்தா நர்சம்மா நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

ரொம்ப நேரம் கழித்து, சுவரோரம் சாய்ந்திருந்த செவந்தி எழுந்து வந்தாள். பச்சை உடம்பு தள்ளாடியது. குனிந்து, முத்துப்பேச்சியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, பிள்ளையை எடுத்தாள்.

"குடுங்க்கா, போதும். இது ஒங்க பேத்தியில்ல. அவ வேலங்குளத்துல ஓடித் திரியிறா, போய்ப் பாத்துக்கங்க. இது எம்பிள்ள. நான் இன்னும் அழுது முடிக்கல. தள்ளி உக்காருங்க."